ராத்திரி கரண்ட் போனா ரெண்டு சின்னப் பசங்களை வச்சுக்கிட்டு எப்படி சமாளிக்கிறீங்க?

தூக்கமில்லா_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு நாலு வயசு, பாப்பாவுக்கு எட்டு மாசம். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், அதனால ராத்திரி முழுக்க நான் ஒருத்திதான். கொஞ்ச நாளா எங்க லைன்ல ஏதோ பிரச்சனை, இதுங்க ரெண்டும் தூங்கி நான் கண்ணசர்ற நேரம் பாத்து கரண்ட் போகுது, போனா எப்ப வரும்னே சொல்ல முடியல, சில நாள் பத்து நிமிஷத்துல வந்துடும் சில நாள் விடிய விடிய கிடையாது.

வெக்கையில பாப்பா எந்திரிச்சு அழும், அந்த சத்தத்துல பெரியவன் முழிச்சு ஒரே இருட்டா இருக்குன்னு அவன் ஒரு பக்கம் கத்துவான், பாப்பாவைத் தூக்கிட்டு டார்ச் தேடுறதா இவனைப் பிடிக்கிறதான்னு தெரியாம நான் நடுவுல நிப்பேன். மொபைல் டார்ச்சைப் போட்டா அந்த வெளிச்சத்துல ரெண்டு பேருக்கும் இருந்த கொஞ்ச தூக்கமும் போயிடுது. மெழுகுவர்த்தி வைக்கலாம்னா பாப்பா இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கா, எது கிடைச்சாலும் வாய்லதான். இன்வெர்ட்டர் வாங்கலாம்னு பேச்சு ஓடுது ஆனா உடனே முடியாது. அதுவரைக்கும் என்ன பண்றது? நீங்கல்லாம் என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ். இன்னொண்ணு, ஃப்ரிட்ஜ்ல பாப்பாவுக்கு பால் எடுத்து வச்சிருக்கேன், நான் பகல்ல வேலைக்குப் போறப்ப கொடுக்கறதுக்கு. கரண்ட் போனா அது எவ்ளோ நேரம் தாங்கும்?

இரட்டைவால்_வீடு:

ஐயோ இது அப்படியே எங்க வீட்டுக் கதை, எனக்கு ட்வின்ஸ், இப்ப மூணு வயசு. நான் கண்டுபிடிச்ச முதல் விஷயம் என்னன்னா குழந்தை எந்திரிக்கிறது வெக்கைனால மட்டும் இல்ல. ஃபேன் சத்தம் டக்குனு நிக்குது பாருங்க, அதுதான். பிறந்ததுல இருந்து அந்த சத்தத்துலயே தூங்கிப் பழகினதுங்க, அது நின்னவுடனே வீடே மாறிப்போன மாதிரி ஆயிடும் போல. அதனால ஃபேன் சத்தத்தை மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், நெட்லயும் கிடைக்கும் ஆனா டவுன்லோட் பண்ணி வச்சுக்கணும், ஏன்னா கரண்ட் போனா வைஃபையும் போச்சு. போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டு சத்தத்தை ரொம்ப கூட்டாம கட்டில்ல இருந்து கொஞ்சம் தள்ளி வச்சா சார்ஜும் ரொம்ப இறங்காது. சிரிக்காதீங்க, நிஜமா வேலை செய்யுது. ஆனா யாராவது போன் பண்ணணும்னா ஏரோப்ளேன் மோட்ல லைன் வராது, வீட்டுக்காரர் ஷிஃப்ட்ல இருந்து கூப்பிடுவார்னா வேற பழைய போன்ல போடுங்க.

வெளிச்சத்துக்கு ஒரு ஐடியா. டார்ச்சை மேல பாத்த மாதிரி நிக்க வச்சு, அது மேல தண்ணி நிரப்பின பிளாஸ்டிக் பாட்டிலை வைங்க. கண்ணைக் குத்தாம ரூம் முழுக்க மெதுவா பரவும். தண்ணில ரெண்டு சொட்டு பால் விட்டா இன்னும் சாஃப்ட்டா இருக்கும் (மறுநாள் காலைல ஞாபகமா கொட்டிடுங்க, நாறும்). பாட்டில் இல்லைனா வெள்ளை சீலிங்கைப் பாத்து அடிச்சாலே போதும், கீழ விழற வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்காது.

முக்கியமானது, டார்ச்சை தேடவே கூடாது. ஒரே இடம்தான், கட்டில் பக்கத்துல ஆணி அடிச்சு கயித்துல தொங்க விட்டுருங்க, உங்க கைக்கு எட்டணும் பாப்பா கைக்கு எட்டக்கூடாது. பகல்ல யார் எடுத்தாலும் திருப்பி அங்கயே மாட்டணும். எங்க வீட்ல இந்த விஷயத்துக்கு மட்டும் நான் சர்வாதிகாரி.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு. கரண்ட் போனவுடனே ரூம் லைட் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாத்து வைங்க, ஃபேன் மட்டும் ஆன்ல இருக்கட்டும். இல்லைனா ஒரு மணி நேரம் விசிறி விசிறி தூங்க வச்ச பிறகு மூணு மணிக்கு கரண்ட் வந்து ட்யூப் லைட் பளிச்னு எரியும், ஹால்ல டிவி தானா கத்தும், அப்ப வர்ற கோவம் இருக்கே. அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாகறது ஏதாவது ஓடிட்டு இருந்தப்ப கரண்ட் போனா அதையும் ப்ளக்கோட கழட்டிடுங்க, எல்லாரும் தூங்கினப்புறம் அது பாட்டுக்கு சூடாகிட்டு இருந்தா வம்பு.

வார்டு_அக்கா:

நான் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், பால் விஷயத்துக்கு மட்டும் விளக்கமா சொல்றேன் தங்கச்சி.

கரண்ட் போனவுடனே ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீங்க. திறக்காம இருந்தா கீழ் பகுதி 4 மணி நேரம் வரைக்கும் குளிர்ச்சியைப் பிடிச்சு வைக்கும். ஃப்ரீசர் நிறைய சாமான் இருந்தா 48 மணி நேரம், பாதிதான் இருக்குன்னா 24 மணி நேரம். காலி இடத்துல தண்ணி பாட்டிலை உறைய வச்சு அடைச்சு வச்சுக்கோங்க, கரண்ட் போறப்ப அதுதான் உங்க ஐஸ். ரொம்ப நேரம் ஆகும்னு தெரிஞ்சா பால் பாக்கெட்டுங்களை எல்லாம் ஒண்ணா நெருக்கி உள்பக்கமா, அந்த ஐஸ் பாட்டிலுக்கு நடுவுல தள்ளி வைங்க.

உறைஞ்ச தாய்ப்பால் கொஞ்சம் இளகிடுச்சு, ஆனா உள்ள இன்னும் ஐஸ் துகள் இருக்குன்னா கரண்ட் வந்ததும் திரும்ப உறைய வைக்கலாம். முழுசா உருகிடுச்சு ஆனா தொட்டா சில்லுனு இருக்குன்னா கீழ் ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு நாளுக்குள்ள கொடுத்துடுங்க, மறுபடி உறைய வைக்காதீங்க. சில்லுனே இல்லைனா யோசிக்காம கொட்டிடுங்க, கொட்ட மனசு வராதுதான், எனக்குத் தெரியும். புதுசா எடுத்த பால் 25 டிகிரி வரைக்கும் உள்ள ரூம்ல 4 மணி நேரம் இருக்கலாம், கரண்ட் இல்லாம புழுங்கற ரூம்ல அவ்ளோ நம்பாதீங்க, சீக்கிரம் கொடுத்துடுங்க. சுட வைக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, அப்படியே கொடுக்கலாம்.

பவுடர் பால் கொடுக்கறவங்களும் இதைப் படிப்பீங்கன்னு சொல்றேன், கரண்ட் இல்லாத ராத்திரிக்குன்னு முன்னாடியே கலக்கி வெளிய வைக்காதீங்க. கலக்கினா 2 மணி நேரத்துக்குள்ள, குழந்தை வாய் வச்சுட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சுடணும், மிச்சத்தைக் கொட்டிடணும். கொதிக்க வச்ச தண்ணியை நல்ல ஃப்ளாஸ்க்ல ஊத்தி வச்சு அப்பப்போ தேவைக்கு கலக்கி, ஆற வச்சு கொடுங்க.

வெக்கைக்கு: டயப்பரோட மட்டும் விடுங்க, இல்ல ஒத்தை காட்டன் சட்டை. துணியை தண்ணில நனைச்சு நல்லா பிழிஞ்சு கழுத்து, அக்குள், தொடை இடுக்குல துடைச்சு விட்டு விசிறினா உடம்பு குளிரும். ஐஸ் தண்ணி வேண்டாம், சாதா தண்ணியே போதும். ஈரத் துணியை மேல போத்தி விடறதும் தொட்டிலைத் துணியால மூடறதும் காத்தைத்தான் அடைக்கும். சூடா இருக்கான்னு கையக் காலைத் தொட்டுப் பாக்காதீங்க, பிடரியைத் தொடுங்க. அடிக்கடி பால் கொடுங்க. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தைக்கு வெக்கையா இருக்குன்னு தண்ணி கொடுக்கக் கூடாது, பாலே போதும். உங்க பாப்பாவுக்கு எட்டு மாசம், ரெண்டு மூணு மடக்கு கொடுக்கலாம். டயப்பர் வழக்கத்தைவிட ரொம்ப கம்மியா நனையுது, அழுதா கண்ணீர் வரல, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கு, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுதுன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட போயிடுங்க.

பழைய_ஆளு:

நாங்கல்லாம் அரிக்கேன் விளக்குலயும் மெழுகுவர்த்தியிலயும் வளரலையா. ஒரு மெழுகுவர்த்தியை உயரத்துல வச்சா என்ன ஆகிடப் போகுது, எல்லாத்துக்கும் பயந்தா எப்படிம்மா பிள்ளை வளக்கறது.

இரட்டைவால்_வீடு:

வளர்ந்தோம் சார், ஆனா அப்ப வீட்ல அந்த விளக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க நாலு பெரியவங்க இருந்தாங்க. இவங்க ஒருத்தி, கையில ஒண்ணு காலடியில ஒண்ணு. விளக்கை ஏத்தி வச்சுட்டு அசதியில கண்ணை மூடினா யார் பாக்கறது? கொசுவலையும் ஜன்னல் திரையும் பக்கத்துல இருந்தா பிடிச்சுக்க ஒரு நொடி போதும். மண்ணெண்ணெய் வச்சிருக்கறவங்க அதை தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கம் வேற இருக்கு, இருட்டுல தாகத்துக்குன்னு குழந்தை எடுத்துக் குடிச்சிடும்.

வார்டு_அக்கா:

அதுல இன்னொண்ணு, அப்படிக் குடிச்சிட்டா யாரும் வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாந்தியோட எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா இன்னும் மோசம். நேரா ஆஸ்பத்திரிதான்.

மெழுகுவர்த்திக்குப் பதிலா பேட்டரில எரியற குட்டி எல்இடி மெழுகுவர்த்தி நிறைய பேர் வாங்கறாங்க, நல்லதுதான், ஆனா அதுக்கு அடியில பெரும்பாலும் பட்டன் செல் இருக்கும், காசு மாதிரி வட்டமா. அதை முழுங்கி தொண்டைக்குழாய்ல மாட்டிக்கிச்சுன்னா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து புண்ணாக ஆரம்பிச்சிடும். பாப்பா முழுங்கினதை நீங்க பாக்கல, செல் காணோம், எச்சில் ஒழுகுது, பால் இறங்கலைன்னாலே சந்தேகப்படுங்க. அப்பவும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சி, அங்க எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க.

மின்சார_மாமா:

இன்வெர்ட்டர் பத்தி கேட்டதால உள்ள வர்றேன், எனக்கு அதான் தொழில்.

மொதல்ல எது ஓடணும்னு முடிவு பண்ணுங்க. தூங்கற ரூம்ல ஒரு ஃபேன் ஒரு லைட், அவ்ளோதானே. சாதா சீலிங் ஃபேன் 75 வாட் கிட்ட இழுக்கும், பிஎல்டிசி ஃபேன்னா (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் உள்ளது) 30, 35 வாட்ல அதே காத்து. அதாவது ஒரு ஃபேன் மாத்தினா பேட்டரி ரெண்டு மடங்கு நேரம் வர்ற மாதிரி. 12 வோல்ட் 150 ஏஹெச் (பேட்டரி எவ்ளோ கரண்ட் பிடிச்சு வைக்கும்ங்கற அளவு) பேட்டரின்னா கணக்குல 1800 வாட் அவர், நிஜத்துல அவ்ளோ கைக்கு வராது, கன்வெர்ஷன்லயே கொஞ்சம் போகும், பேட்டரி பழசானா இன்னும் கம்மி. இருந்தாலும் ஒரு ஃபேன் ஒரு எல்இடிக்கு ஒரு ராத்திரி தாராளம். இன்வெர்ட்டர்ல சைன் வேவ் (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா வர்றது) பாத்து வாங்குங்க, ஸ்கொயர் வேவ்ல ஃபேன் ம்ம்ம்னு உறுமும், அந்த சத்தத்துக்கே குழந்தை எந்திரிச்சிடும். இன்வெர்ட்டருக்குப் போடற ட்யூபுலர் பேட்டரில ஆசிட் இருக்கு, சார்ஜ் ஆகறப்ப ஹைட்ரஜன் வாயு வரும், அதனால காத்தோட்டமான இடத்துல, குழந்தை கை எட்டாத மாதிரி வைங்க, தூங்கற ரூம்ல கட்டிலுக்கு அடியில தள்ளாதீங்க. அந்த பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும், அதுக்குப் பதிலா குழாய் தண்ணி ஊத்தாதீங்க.

அதுவரைக்கும் சார்ஜ் போடற டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கினா போதும். விரல் நுழையாத வலை இருக்கறதா பாருங்க. மெத்தை மேல வச்சு சார்ஜ் போடாதீங்க, லித்தியம் பேட்டரி சூடாகும். வாரத்துல ஒரு நாள் குறிச்சு வச்சு சார்ஜ் இருக்கான்னு பாருங்க, தேவைப்படற அன்னைக்கு பாத்தா கண்டிப்பா செத்துக் கிடக்கும்.

மொட்டைமாடி_அப்பா:

எங்க வீட்ல குட்டி ஜெனரேட்டர் இருக்கு, பால்கனில வச்சு ஓட்டுறோம், குழந்தைங்க நிம்மதியா தூங்குது. சத்தம்தான் கொஞ்சம்.

மின்சார_மாமா:

சார் தயவு செஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க. பால்கனில ஓடினா புகை கதவு வழியா ரூமுக்குள்ளதான் வரும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, மணமும் கிடையாது நிறமும் கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கமா தூக்கம் வர்றது, இதுதான் அறிகுறியே, தூங்கற குழந்தைகிட்ட இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? குழந்தைங்க வேகமா மூச்சு விடறதால அதுங்களுக்கு சீக்கிரம் ஏறும். ஜெனரேட்டர் வீட்டை விட்டு வெளிய, கதவு ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி இருக்கணும், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பாத்து. அப்படி இடம் இல்லைனா ஜெனரேட்டர் உங்களுக்கு இல்ல. பேட்டரில ஓடற கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்குது, அதையும் மாட்டுங்க. மூடின ஷெட்ல காரை ஸ்டார்ட் பண்ணி ஏசில குழந்தையைத் தூங்க வைக்கறவங்களுக்கும் இதேதான்.

மொட்டைமாடி_அப்பா:

சரிங்க, நிறுத்திடறேன். கடைக்காரர் இதெல்லாம் சொல்லவே இல்ல.

தூக்கமில்லா_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, படிச்சுட்டு எந்திரிச்சுப் போய் ட்யூப் லைட் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வந்தேன் அக்கா. பெரியவனைப் பத்தி யாராவது சொல்லுங்களேன். இருட்டுன்னா ரொம்பப் பயம், "கரண்ட் எங்கம்மா போச்சு, யார் எடுத்துட்டுப் போனா"ன்னு விடாம கேக்கறான், யாரோ வீட்டுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போறதா நெனச்சிட்டான் போல. கார்ட்டூன் போட்டா அமைதியாகிடுவான், ஆனா அப்புறம் தூங்க மாட்டான், போனும் செத்துடும்.

கதைசொல்லி_அப்பா:

இந்த வயசுல கற்பனை வளர வளர இருட்டுப் பயமும் கூடவே வளரும், அதனால "ஒண்ணும் இல்ல படு"ன்னா அடங்காது. என் பையன் இதே கேள்வியைக் கேட்டப்ப நான் நிஜத்தையே சொன்னேன். கரண்ட் ரொம்ப தூரத்துல இருந்து கம்பி வழியா வருது, கம்பில எங்கயோ ரிப்பேர், ரிப்பேர் பண்ற அண்ணனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல அதான் நிறுத்தி வச்சிருக்காங்க. அவ்ளோதான், அந்த அண்ணன் இப்ப ஏணில ஏறிட்டாரா இறங்கிட்டாரான்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டான், பயம் எங்க போச்சுன்னே தெரியல. படுக்காம ஆட்டம் போட்டா பூச்சாண்டி வருவான்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அந்த ஒரு வார்த்தைக்கு நீங்க மாசக்கணக்குல வட்டி கட்டணும்.

அவனுக்குன்னு ஒரு டார்ச் கொடுங்க, ஸ்க்ரூ போட்டு மூடற, பென்சில் செல் போடற மாதிரி. கரண்ட் போனா அவனோட வேலை என்னன்னு முன்னாடியே சொல்லி வைங்க, "நீ பாப்பாவோட செருப்பையும் தண்ணி பாட்டிலையும் கண்டுபிடிக்கணும்" அந்த மாதிரி. யார் கண்ணுலயும் அடிக்கக் கூடாதுங்கற ஒரே ரூல். அப்புறம் இதை பகல்லயே ஒரு தடவை விளையாட்டா பண்ணிப் பாருங்க, திரையை மூடிட்டு, லைட்டை ஆஃப் பண்ணிட்டு, "கரண்ட் போச்சு!"ன்னு கத்தி, யார் முதல்ல கட்டிலுக்கு வர்றாங்கன்னு. நிஜமா போறப்ப அவனுக்கு அது தெரிஞ்ச விளையாட்டு ஆயிடும். தூங்க வைக்கறப்ப செவுத்துல கையால நாய், பறவை நிழல் காட்டி ஒரு கதை, கதை கொஞ்சம் போரா இருக்கணும், அதுதான் ரகசியம். சுவாரஸ்யமா சொன்னீங்கன்னா விடியற வரைக்கும் "அப்புறம்?"தான்.

கார்ட்டூன் விஷயத்துல நான் மத்தவங்க மாதிரி கண்டிப்பு இல்ல. பாப்பாவைத் தூங்க வைக்கற அந்த இருபது நிமிஷம் அவன் பாத்தா பாக்கட்டும், ஆனா பேட்டரி பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க, ராத்திரி அவசரத்துக்கு உங்ககிட்ட இருக்கறது அந்த ஒரு போன்தான். பவர் பேங்க் ஒண்ணு தனியா.

இன்னொண்ணு, காத்து வரட்டும்னு பால்கனி கதவைத் திறந்து விடறோம்ல, இருட்டுல தூக்கக் கலக்கத்துல பசங்க எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிடும். கம்பி இருக்கற ஜன்னலை மட்டும் திறங்க, கட்டிலை ஜன்னலோட ஒட்டிப் போடாதீங்க.

வீசிங்_பையன்_அம்மா:

நடுவுல கேக்கறேன் மன்னிக்கணும், என் பையனுக்கு வீசிங் இருக்கு, நெபுலைசர் (மருந்தை ஆவி மாதிரி ஆக்கி மூச்சுல கொடுக்கற மெஷின்) கரண்ட்லதான் ஓடும். ராத்திரி கரண்ட் இல்லாதப்ப வந்துடுச்சுன்னா?

வார்டு_அக்கா:

இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டற குழாய் மாதிரி டப்பா), மாஸ்க்கோட கொடுக்கறதுக்கு கரண்டே வேண்டாம், சின்னக் குழந்தைக்கும் கொடுக்கலாம், சரியா கொடுத்தா நிறைய பேருக்கு நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும். ஆனா எத்தனை பஃப், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை, எப்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கி, அந்தப் பேப்பரை டார்ச் பக்கத்துலயே ஒட்டி வைங்க. பேட்டரில ஓடற மெஷ் நெபுலைசரும் இருக்கு, அதையும் அவர்கிட்ட கேளுங்க. விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்குது, பேச முடியல, உதடு நீலமா இருக்குன்னா பேப்பர் எல்லாம் அப்புறம், கிளம்பிடுங்க.

தூக்கமில்லா_அம்மா:

அக்கா கடைசியா ஒண்ணு. பட்டன் செல்னு சொன்னீங்கல்ல, இப்ப வீட்டைச் சுத்திப் பாத்தா ரிமோட், பாட்டுப் பாடற பொம்மை, தர்மாமீட்டர், எதுல எல்லாம் அது இருக்குன்னே புரியல. எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?

வார்டு_அக்கா:

செல் போடற மூடியைப் பாருங்க. ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தா பரவால்ல, அந்த ஸ்க்ரூ லூஸா இல்லையான்னு மட்டும் பாத்துக்கோங்க. நகத்தாலயே நெம்பித் திறக்க முடியுதுன்னா அது பாப்பா இருக்கற ரூம்ல இருக்கக் கூடாது, மேல பீரோவுக்கு ஏத்திடுங்க. கீழ போட்டா மூடி கழண்டு விழற பொம்மையை வெளியவே போட்டுடலாம். தீந்து போன செல்லும் ஆபத்துதான், சார்ஜ் போனாலும் அதுல மிச்சம் இருக்கும், அதனால ரெண்டு பக்கமும் செல்லோடேப் சுத்தி உடனே வீட்டை விட்டு வெளியேத்துங்க. சமையல்கட்டு குப்பைக் கூடையில போட்டு வைக்காதீங்க, அதைக் கிளற உங்க வீட்ல ஏற்கனவே ஒரு ஆள் தவழ்ந்துட்டு இருக்கு.